மயங்கின எலியும் கலர் மூளையும்: மணியாச்சியில இருந்து ஒரு நீண்ட இழை

1/
ரெண்டு வாரமா எழுதலாமா வேண்டாமான்னு தள்ளிப் போட்ட விஷயம். யாரையாவது புண்படுத்திருமோன்னு யோசனை. நேத்து அதே மாதிரி இன்னொரு ஃபைல் என் மேசைக்கு வந்துச்சு. இனிமே சும்மா இருக்க முடியாது மக்களே. கொஞ்சம் நீளமா இருக்கும். வீட்ல ஸ்கூல் போற பிள்ளை இருந்தா முழுசா படிங்க.

2/
வாரத்துல ஒரு நாள் சாயங்காலம் மணியாச்சியில உட்கார்றேன். ஜங்ஷன் பேரு எல்லாருக்கும் தெரியும், ஊரைத் தெரிஞ்சவங்க கம்மி. கரிசக்காடு. மழை பெஞ்சா உளுந்து, பாசி, மக்காச்சோளம். பெய்யலைன்னா தீப்பெட்டி ஆபீஸ். வர்றவங்க பாதிப் பேரு அன்னைக்குச் சம்பளத்தை விட்டுட்டு வர்றவங்க.

3/
ஒரு அம்மா, மூணாங்கிளாஸ் படிக்கிற பெண் பிள்ளையைக் கூட்டிட்டு வந்தாங்க. கையில பளபளன்னு ஒரு ஃபைல். பக்கத்துக்குப் பக்கம் மூளைப் படம். சிவப்பு, மஞ்சள், நீலம். மேல பெரிய எழுத்துல 'பிரெய்ன் மேப்பிங் ரிப்போர்ட்'.
"டாக்டரய்யா, பிள்ளைக்கு முன்பக்க மூளை வேலை செய்யலன்னு சொல்லுதாங்க. ஆறு மாசம் பயிற்சி கொடுத்தா சரியாயிருமாம். நகையை வைக்கலாமான்னு கேக்கத்தான் வந்தேன்."

4/
ரிப்போர்ட்டுக்கு 6,500 ரூபாய். பயிற்சிக்கு 30,000. ரிப்போர்ட்டுக்குச் சீட்டுப் பணம் போயிருச்சு. பயிற்சிக்குக் காதுல கெடக்கிற தோடு. எந்த ஊரு, எந்த சென்டர்னு எழுத மாட்டேன். ஒண்ணை மூடினா நாலு முளைக்கும். ஆளை விட்ருவோம், அந்த வியாபாரத்தைப் பத்திப் பேசுவோம்.

5/
சரிம்மா, பிள்ளைக்கு என்ன பிரச்சனைன்னு கேட்டேன். "பராக்கு பாத்துக்கிட்டே இருக்கா. டீச்சர் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டேங்கா. பாதி எழுதும்போதே பேனா அப்படியே நின்னுருது. கொஞ்ச நேரத்துல ஒண்ணுமே நடக்காத மாதிரி திரும்ப எழுதுதா."
இந்தக் கடைசி ரெண்டு வரியைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

6/
பாப்பா கையில ஒரு காகிதக் காத்தாடியைக் கொடுத்து, "நான் நிறுத்தச் சொல்ற வரைக்கும் ஊதிக்கிட்டே இரு ராசாத்தி"ன்னு சொன்னேன். ரெண்டு நிமிஷம் தாண்டுச்சு. திடீர்னு ஊதுறது நின்னுச்சு. கண்ணு எங்கேயோ நிலைகுத்திருச்சு. இமை மட்டும் லேசா துடிச்சுது. பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன், பதில் இல்ல. பத்து நொடி இருக்கும். அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி திரும்ப ஊத ஆரம்பிச்சா.
அம்மா சொன்னாங்க: "இதேதான்யா. இதைத்தான் பராக்குன்னு அடிக்கிறோம்."

7/
இது வலிப்பு. கை கால் இழுக்காத, நுரை தள்ளாத, கீழ விழாத வலிப்பு. 'ஆப்சன்ஸ் சீஷர்'. பெரும்பாலும் 4 முதல் 10 வயசுக்குள்ள ஆரம்பிக்கும். ஒரு நாளைக்குப் பத்து, இருபது, சில பிள்ளைங்களுக்கு அதுக்கும் மேல வரும். ஒவ்வொரு தடவையும் பாடத்துல பத்து நொடி காணாமப் போகும். பக்கத்துல இருக்கிறவங்களுக்குத் திமிர் மாதிரி, சோம்பல் மாதிரி, கனவு மாதிரி தெரியும். மருந்து இருக்கு. நல்லா கேக்கும்.

8/
இப்ப கோபத்துக்கு வருவோம். அந்த சென்டர்ல பிள்ளை தலையில மாட்டினது ஈஈஜி. ஆப்சன்ஸ் வலிப்பைக் கண்டுபிடிக்க உலகத்துல இருக்கிற முதல் கருவியே அதுதான்! நொடிக்கு மூணு தடவை ஏறி இறங்குற கூர்முனை அலை. எம்பிபிஎஸ் பரீட்சையில கேக்குற படம். சரியான கருவி, சரியான பிள்ளை. கையில வந்ததோ கலர் படம் மட்டும்.
ஃபைலை மூணு தடவை புரட்டினேன். மூளை எழுதின ஒரிஜினல் கோடு ஒரு பக்கத்துலயும் இல்ல. அலையை எல்லாம் கம்ப்யூட்டர்ல போட்டு, சராசரி எடுத்து, கலர் அடிச்சு, கோட்டைத் தூக்கிப் போட்டுட்டாங்க.

9/
இந்தக் கலர்ல என்ன தப்புன்னு கேப்பீங்க. பிள்ளை கண்ணைச் சிமிட்டினாலே நெத்திப் பக்கத்துல பெரிய மெதுவான அலை பதிவாகும். பல்லைக் கடிச்சா தசையோட மின்சாரம் பதிவாகும். தூக்கம் வந்தா அலையே மாறும். பயிற்சி பெற்ற டெக்னீஷியனும் நரம்பியல் டாக்டரும் கோட்டைப் பார்த்து 'இது சிமிட்டல், இது தசை'ன்னு கழிச்சு வைப்பாங்க. கழிக்காம கலர் அடிச்சா, சிமிட்டலுக்குப் பேரு 'முன்பக்க மூளைக் குறைபாடு'.

10/
இப்ப எலிக்கு வர்றேன். சிரிக்காதீங்க, காரணம் இருக்கு.
போன மாசம் 'முழிச்சிருக்கிற எலியோட மூளையைப் படம் எடுக்கிறாங்க'ன்னு ஒரு பதிவு போட்டேன். கீழ ஒரு அண்ணாச்சி கேட்டார்: "எலிக்குப் பாட்டு போட்டு ஸ்கேன் எடுக்கக் கோடி கோடியா? இங்க மனுஷனுக்கே எம்ஆர்ஐ எடுக்க வழியில்ல." நியாயமான கோபம். ஆனா ஆள் மாறிப் பாயுது அண்ணாச்சி. ஏன்னு சொல்றேன்.

11/
இன்னைக்கு 'மூளை வேலை செய்யறதைப் படம் எடுக்கலாம்'னு சொல்ற எஃப்எம்ஆர்ஐ எங்க ஆரம்பிச்சது? எலியில. அமெரிக்காவுல பெல் ஆய்வுக்கூடத்துல இருந்த செய்ஜி ஒகாவாவும் அவர் கூட்டாளிகளும் 1990ல காட்டினாங்க: ரத்தத்துல ஆக்சிஜன் அளவு மாறினா எம்ஆர்ஐ படத்துல ரத்தக்குழாய் தெரியற விதமும் மாறும்னு. மயக்க மருந்து கொடுத்த எலிகள்ல பார்த்தது அது. இந்த முறை நியூரானை நேரா படம் எடுக்காது. நியூரான் வேலை செஞ்சா அந்த இடத்துக்கு ரத்தம் கூடும், அந்த ரத்த மாற்றத்தைத்தான் படம் எடுக்குது.

12/
சிக்கலும் அங்கயே இருக்கு. எலி ஆடாம இருக்கணும்னு மயக்க மருந்து கொடுக்கிறோம். ஐசோஃப்ளூரேன் என்ன பண்ணும்னு எந்த மயக்க மருந்து டாக்டரையும் கேளுங்க. ரத்தக்குழாயை விரிக்கும், நியூரானை அமுக்கும். நாம அளக்கிறதே நியூரானும் ரத்தமும் சேர்ந்து போடற கணக்கை. மருந்து ரெண்டு பக்கமும் கையை வைக்குது. தராசுத் தட்டுல கட்டை விரலை வச்சுக்கிட்டு எடை போட்ட கதை.

13/
இதுக்கு நேரடி உதாரணம் இந்தப் பாப்பாவோட வியாதியேதான்.
பிறவியிலேயே ஆப்சன்ஸ் வலிப்பு வர்ற எலி வகைகள் உண்டு. பிரான்ஸ்ல ஸ்ட்ராஸ்பூர்க்ல வளர்த்தெடுத்த ஒரு வகைக்குப் பேரு 'கேயர்ஸ்'. முன்னாடி இந்த மாதிரி எலிகளுக்கு மருந்து கொடுத்து அசையாம வச்சு, வலிப்பு நேரத்துல எஃப்எம்ஆர்ஐ எடுத்தாங்க. மூளைப் புறணியில சிக்னல் கூடுதுன்னு வந்துச்சு. ஆனா வலிப்பு நேரத்துல பிள்ளைங்களை ஸ்கேன் பண்ணினப்ப, புறணியில பல இடத்துல சிக்னல் குறையுது. ஒரே வியாதி, எலியில ஒரு பதில், பிள்ளையில எதிர்ப் பதில்!

14/
'எலி வேற, மனுஷன் வேற'ன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம். போகல. யேல் பல்கலைக்கழகத்துல ஹால் புளூமென்ஃபெல்ட் குழு அந்த எலிகளை முழிச்ச நிலையிலேயே ஆராய்ஞ்சாங்க. 2023ல 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழ்ல வந்துச்சு. முழிச்ச எலியில, புறணியோட எஃப்எம்ஆர்ஐ சிக்னல் மனுஷப் பிள்ளைங்க மாதிரியே இருந்துச்சு. தப்பு எலியில இல்ல, மயக்க மருந்துல இருந்திருக்கு.

15/
அதோட நிறுத்தல. சத்தம் கேட்டா வந்து சர்க்கரைத் தண்ணியை நக்கணும்னு எலிக்குப் பழக்கினாங்க. வலிப்பு வந்தா நக்குறது நிக்குது. முடிஞ்சதும் திரும்ப நக்குது. என் ரூம்ல காத்தாடி நின்ன மாதிரியே! நடத்தையும் ஒத்துப் போகுது, ஈஈஜியும் ஒத்துப் போகுது, படமும் ஒத்துப் போகுது.
வலிப்புக்கு 40 முதல் 60 நொடி முன்னாடியே மூளையோட நிலை மாற ஆரம்பிக்குதுன்னும் பார்த்தாங்க. திடீர்னு வர்றதுன்னு நாங்க பாடம் படிச்ச வலிப்பு, ஒரு நிமிஷமா தயாராகிட்டு வருது. மயங்கின எலிகிட்ட இதையெல்லாம் கேக்க முடியுமா? வேலை செய்யாத எலி, எப்ப வேலையை நிறுத்துச்சுன்னு எப்படித் தெரியும்?

16/
சும்மா ஓடற எலியைப் பிடிச்சு ஸ்கேனர்ல போட்டுட முடியாது. முதல்ல கையில எடுத்துப் பழக்கணும். அப்புறம் தலையை அசையாம வச்சு தினமும் கொஞ்ச நேரம், நாளுக்கு நாள் கூட்டி. ஸ்கேனர் சத்தத்தைப் பதிவு பண்ணிப் போட்டுக் காட்டணும். அவசரப்பட்டா எலி பயந்துரும், பயந்த மூளையைத்தான் படம் எடுப்போம்.

17/
'வெளிநாட்டுக் கதை'ன்னு நினைக்காதீங்க. பெங்களூர்ல என்சிபிஎஸ்ல உபிந்தர் பல்லா ஆய்வுக்கூடம் 2014ல 'ஈலைஃப்' இதழ்ல ஒரு ஆய்வு போட்டுச்சு. சுண்டெலியோட தலையை மட்டும் அசையாம வச்சு, ஒரு சத்தம். கொஞ்சம் இடைவெளி. கண்ணுல லேசா ஒரு காத்து. சத்தம் கேட்டதுமே கண்ணை மூடணும்னு சுண்டெலி கத்துக்குது. அதே நேரத்துல, நினைவுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் செல்களை ஒவ்வொண்ணா மைக்ராஸ்கோப்ல பார்க்கிறாங்க. கத்துக்கிட்ட பிறகு அந்த செல்கள் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா வரிசையா எரியுது. சத்தத்துக்கும் காத்துக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியை அந்த வரிசை இட்டு நிரப்புது.

18/
இவ்வளவு பண்ணிட்டு அவங்க என்ன சொன்னாங்க? 'இந்த இடத்துல, இந்தப் பாடத்துக்கு, இந்தச் செல்கள் இப்படி மாறுது.' அவ்வளவுதான். 'இந்தச் சுண்டெலி இன்ஜினியர் ஆகும்'னு சொல்லல. 'வலது மூளை எலி'ன்னு சான்றிதழ் கொடுக்கல. மண்டையைத் திறந்து, செல் செல்லா பார்த்தவங்க அடக்கி வாசிக்கிறாங்க. முடிக்கு மேல ஒரு தொப்பியை மாட்டினவங்க பிள்ளையோட எதிர்காலத்தையே எழுதித் தர்றாங்க!

19/
இன்னொண்ணும் கேளுங்க. 2019ல அன்னி சர்ச்லாண்ட் குழு 'நேச்சர் நியூரோசயின்ஸ்' இதழ்ல ஒரு முடிவை வெளியிட்டாங்க. முழிச்ச சுண்டெலி ஒரு வேலையைச் செய்யும்போது மூளையில தெரியற செயல்பாட்டுல பெரிய பங்கு, அந்த வேலையோடது இல்ல. மீசை துடிக்கிறது, முகம் அசையறது, கால் உதறுறது மாதிரி யாரும் சொல்லாம அதுவா பண்ற அசைவுகளோடது. அதைக் கண்டுபிடிக்க கேமரா வச்சு ஒவ்வொரு அசைவையும் பதிவு பண்ணினாங்க.
ஆய்வுக்கூடத்துச் சுண்டெலிக்கே இந்தக் கதி. மூணாங்கிளாஸ் பிள்ளை அரை மணி நேரம் தொப்பியோட ஆடாம உட்காருமா? ரிப்போர்ட்ல இருக்கிற சிவப்பு, மூளையா, மூக்கைச் சொறிஞ்சதா?

20/
கலர் படத்தை நம்பாதீங்கன்னு நான் புதுசா சொல்லல. 2009ல கிரெய்க் பென்னெட்டும் கூட்டாளிகளும் செத்த சால்மன் மீனை எஃப்எம்ஆர்ஐல வச்சு, மனுஷங்க முகம் இருக்கிற படங்களைக் 'காட்டினாங்க'. கணக்கைச் சரியா திருத்தாம விட்டா, செத்த மீன் மூளையிலயும் கலர் எரிஞ்சுது. அதுக்காக 2012ல இக் நோபல் பரிசும் வாங்கினாங்க. கேலிக்குச் செஞ்சதில்ல, தங்களோட துறைக்கே வச்ச குட்டு. தன் தலையில தானே குட்டிக்கிறதுக்குப் பேருதான் அறிவியல். குட்டே வாங்காத துறைக்குப் பேரு வியாபாரம்.

21/
நம்ம நாட்டுலயே பட்டிருக்கோம். 2008ல பூனா நீதிமன்றம் ஒரு கொலை வழக்குல இளம் பெண்ணுக்குத் தண்டனை கொடுத்தப்ப, மூளை மின் அலைச் சோதனையையும் ஒரு ஆதாரமா எடுத்துக்கிச்சு. அதே வருஷம் நிம்ஹான்ஸ் இயக்குநர் தலைமையில இருந்த குழு, அந்த மாதிரி சோதனைகள் அறிவியல்பூர்வமானது இல்லன்னு சொல்லிருச்சு. 2010 மே 5ல செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்குல, சம்மதம் இல்லாம யாருக்கும் இதைப் பண்ணக் கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் தீர்ப்பு கொடுத்துச்சு. குற்றவாளிக்கே அந்தப் பாதுகாப்பு உண்டு. மூணாங்கிளாஸ் பிள்ளைக்கு இல்லையா?

22/
"அமெரிக்காவுல எஃப்டிஏவே அனுமதிச்சிருக்கு சார்"னு சென்டர்காரங்க சொல்வாங்க. பாதி உண்மை. 2013ல ஒரு ஈஈஜி கருவியை, டாக்டரோட முழுப் பரிசோதனை கூட சேர்த்து ஒரு துணையா வச்சுக்கலாம்னு அனுமதிச்சாங்க. மீதி உண்மையை நான் சொல்றேன். 2016ல அமெரிக்க நரம்பியல் அகாடமி, அந்த அலை விகிதத்தை வச்சு கவனக்குறைபாட்டை உறுதி செய்யக் கூடாது, தப்பான நோய்ப்பெயர் ஒட்டிரும் ஆபத்து இருக்குன்னு எச்சரிச்சது. முதல் பாதி விளம்பரத்துல இருக்கும். ரெண்டாம் பாதியை எங்கயாவது பார்த்திருக்கீங்களா?

23/
இப்ப எலி ஆராய்ச்சியாளர்களுக்கும் ஒரு வார்த்தை. முழிச்ச எலின்னா அது பயப்படற எலி. தலையை அசைய விடாம வச்சா மன அழுத்த ஹார்மோன் ஏறும், அதுவே படத்தை மாத்தும். எத்தனை நாள் பழக்கினீங்க, எத்தனை எலியைக் கழிச்சீங்கன்னு முழுசா எழுதணும். நம்ம நாட்டுல 1960 சட்டமும் 1998 விதிகளும் இருக்கு. விலங்கு நெறிக்குழு அனுமதி இல்லாம எலியைத் தொட முடியாது. அது சடங்கா ஆயிரக் கூடாது. ஒரு உயிரை எடுத்துக்கிட்டு, மயக்க மருந்தோட பதிலை மூளையோட பதில்னு தப்பா எழுதினா, அந்த உயிர் வீண்.

24/
அதே மாதிரி, 'எலியில நிரூபிக்கப்பட்டது'ன்னு மூளை டானிக் விக்கிற அன்பர்களே. எலியில வந்தது எலிக்கு. யேல் ஆய்வு பெண் எலிகள்ல செஞ்சது. நான் இன்னைக்கு எழுதற மருந்துச் சீட்டுல அது ஒரு எழுத்தைக் கூட மாத்தல. நாளைக்கு மாத்தலாம். அந்த 'நாளைக்கு'ங்கிற வார்த்தையை விழுங்கிட்டு விக்கிறதுதான் மோசடி.

25/
எனக்கும் ஒரு குட்டு வச்சுக்கிறேன். இந்தப் பாப்பா எனக்குப் புதுசு இல்ல. எட்டு மாசம் முன்னாடி காய்ச்சலுக்கு வந்திருக்கா. அன்னைக்கே அம்மா "படிப்புல மந்தம்"னு சொன்னதை என் கையெழுத்துலயே நோட்டுல எழுதியிருக்கேன். கீழ என்ன எழுதினேன் தெரியுமா? வைட்டமின் டானிக். வெளிய நாப்பது பேரு உட்கார்ந்திருந்தாங்க. 'மந்தம்னா என்னம்மா, எப்படி?'ன்னு கேக்க எனக்கு ஒரு நிமிஷம் இல்லாமப் போச்சு.
நான் அந்த ஒரு நிமிஷத்தைக் கொடுத்திருந்தா, அவங்க அந்த சென்டர் படியே ஏறியிருக்க மாட்டாங்க. பாதி குற்றம் என்னோடது.

26/
அதனால டாக்டர் நண்பர்களே, உங்க பேரும் கையெழுத்தும் இந்த மாதிரி ரிப்போர்ட்டுக்குக் கீழ இருந்தா எடுத்துருங்க. கோட்டைப் பார்க்காம கலருக்குக் கையெழுத்துப் போடறது, நோயாளியைப் பார்க்காம மருந்து எழுதறதுக்குச் சமம்.
அந்தப் பிள்ளை இடுப்புல ஒரு தாயத்தும் இருந்துச்சு. அம்மா கூச்சப்பட்டு மறைச்சாங்க. இருக்கட்டும்மான்னு சொன்னேன். தாயத்து தன்னை அறிவியல்னு சொல்லிக்கல, தோட்டையும் கேக்கல.

27/
பெத்தவங்களுக்கு, சுருக்கமா:
• பிள்ளை பேச்சு, எழுத்து, சாப்பாடு நடுவுல சட்டுன்னு நின்னு, கூப்பிட்டாலும் திரும்பாம, சில நொடியில தானா தொடர்ந்தா அது பராக்கு இல்லாம இருக்கலாம். ஃபோன்ல வீடியோ எடுங்க. எங்களுக்கு அது தங்கம்.
• மூச்சு ஊதவிட்டு வீட்ல சோதிக்காதீங்க. அது டாக்டர் முன்னாடி செய்ய வேண்டியது.
• படிப்புல பின்தங்கினா முதல்ல கண், காது, ரத்தசோகை, தூக்கம் பாருங்க.
• மாவட்ட அரசு மருத்துவமனைகள்ல குழந்தைகளுக்கான ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கு. கற்றல் குறைபாட்டையும் கவனக்குறைபாட்டையும் அங்க இலவசமா பார்ப்பாங்க.

28/
டீச்சர்களே, உங்க கண்ணுதான் எங்க முதல் கருவி. 'எப்பவும் பராக்கு' வேற, 'திடீர்னு அணைஞ்சு திடீர்னு எரியற பராக்கு' வேற. ரெண்டாவதைப் பார்த்தா பிரம்பை எடுக்காதீங்க, அம்மாவைக் கூப்பிட்டு விடுங்க.

29/
பாப்பாவை அரசு மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினேன். ஈஈஜி எடுத்தாங்க. இந்தத் தடவை கலர் இல்ல, கறுப்புக் கோடு மட்டும். நொடிக்கு மூணு. பாடப் புத்தகத்துல இருக்கிற மாதிரியே. மாத்திரை ஆரம்பிச்சு மூணு வாரம் ஆச்சு. முழுசா நிக்கல, குறைஞ்சிருக்கு. இன்னும் பல மாசம் பார்க்கணும். தோடு காதுல இருக்கு.

30/
கமென்ட் போட்ட அண்ணாச்சிக்குக் கடைசியா. எலிக்குச் செலவழிக்கிற காசைப் பத்திக் கேக்குறீங்க, கேளுங்க. கேக்கணும். ஆனா அந்த ஆய்வுக்காரன் தன் கோட்டை, கணக்கை, தப்பை எல்லாம் எழுதி வெளியில வைக்கிறான். நீங்களும் நானும் படிச்சுக் கேள்வி கேக்கலாம். நம்ம ஊரு தீப்பெட்டி ஆபீஸ் சம்பளத்துல இருந்து 6,500 எடுத்தவன் என்ன வெளியில வச்சான்?
அடுத்த தடவை யாராவது கலர் மூளையை நீட்டினா ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "கோடு எங்க சார்?"
இதை உங்க ஊர் ஸ்கூல் குரூப்ல போடுங்க.